டபுள் கேபின் வண்டியில் ஆட்களும் நீளச் சாமானும்: கேள்வி பதில்

கோவையில் பட்டறை வைத்திருக்கிறேன். சரக்கு வண்டிகளுக்குக் கேரியரும் பாடியும் கட்டித் தருவதுதான் தொழில். போர்வெல் மோட்டார் ஏற்றி இறக்குபவர், பந்தல்காரர், சோலார் வேலைக்காரர் என்று டபுள் கேபின் வண்டியோடு (இரண்டு வரிசை சீட்டும், பின்னால் சரக்குப் பாடியும் உள்ளது) யார் வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: பின் சீட்டில் ஆட்களும் வரணும், நீளமான சாமானும் வரணும். வந்திருக்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பல்லடம், போர்வெல் மெக்கானிக்: அண்ணா, டபுள் கேபின் பொலிரோ கேம்பர் வைத்திருக்கிறேன். ஆட்கள் நாலு பேர், மோட்டாரைத் தூக்கும் முக்காலி, செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி), அதுபோக ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் பத்து. பைப் இருபதடி. கேபினுக்கு மேலே கேரியர் கட்டித் தர முடியுமா?

கேரியர் கட்டலாம் தம்பி. இருபதடி பைப்புக்காகக் கட்டக் கூடாது. ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன். மற்றவர்களும் இதைப் படித்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

உங்கள் வண்டியில் கேபின் தனி, பின்னால் இருக்கும் லோடு பாடி தனி. இரண்டும் சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன, கேபினுக்கு அடியில் ரப்பர் புஷ் இருக்கிறது. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி இறங்கும்போது சேஸ் முறுக்கும், கேபின் ஒரு பக்கமும் பாடி ஒரு பக்கமும் அசையும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் ஒரு அட்டையைச் செருகி வைத்துக் காட்டுப் பாதையில் ஓட்டிப் பாருங்கள், எவ்வளவு அசைகிறது என்று தெரியும். இந்த இரண்டையும் ஒரே இரும்புச் சட்டத்தால் பிணைத்தால் எங்காவது ஒன்று விட்டுத்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் கேபின் கூரையின் மூலைதான் விரியும், மழைக்காலத்தில் பின் சீட்டில் தண்ணீர் சொட்டும். அதனால் கேரியரின் கால்கள் நாலும் பாடியில்தான் நிற்க வேண்டும். கேபின் கூரைக்கும் கேரியருக்கும் மூன்று விரல் இடைவெளி விடுங்கள்.

இப்போது நீளத்துக்கு வருவோம். பின் கதவிலிருந்து கேபின் முதுகு வரை உங்கள் பாடி ஏறத்தாழ ஐந்தடி. இருபதடி என்றால் 6 மீட்டர். பைப்பின் பின்முனையைக் கதவோடு நிறுத்தினால் அதன் நடுப்புள்ளி பத்தாவது அடியில் விழும். அது கேரியரின் முன்காலைத் தாண்டி, முன் சீட்டில் இருப்பவர் தலைக்கு நேர் மேலே. ஒன்றரை இஞ்ச் மீடியம் பைப் ஒன்று ஏறத்தாழ 21 கிலோ, பத்துக்கு 210. அத்தனை எடையும் கால் இல்லாத இடத்தில் தொங்கும். ஒவ்வொரு குழியிலும் முன்காலின் போல்ட்டை அழுத்தி, பின்காலின் போல்ட்டைப் பிடுங்கும். சட்டத்தை எவ்வளவு கனமாக்கினாலும் பாடியின் தகடு அதைத் தாங்காது.

நான் வைத்திருக்கும் விதி இதுதான்: சாமானின் நடுப்புள்ளி கேரியர் கால்களுக்குள் விழ வேண்டும். கேம்பர் மாதிரி வண்டிக்கு அது பத்தடி வரை சரியாக வரும். எடை குறைந்த அலுமினிய ஏணி, சவுக்குக் கம்பு என்றால் பன்னிரண்டு, பதிமூன்றடி வரை முன்னால் தாங்கு சட்டம் நீட்டிக் கொடுக்கிறேன். அதற்கு மேல் யார் கேட்டாலும் கட்டுவதில்லை.

முன் பம்பரில் இரண்டு கம்பம் நட்டால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். சேஸ் முனையில் இரும்பு நடுவது புல் பார் (முன் பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பு) மாட்டுவதற்குச் சமம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதை எடுக்கச் சொல்லிவிட்டது. மோதினால் நசுங்குவதற்கென்றே செய்த இடம் அது. அங்கே நசுங்காத இரும்பை வைத்தால் அடி உள்ளே இருப்பவர்களுக்குப் போகும்.

உங்கள் வேலையையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மோட்டார் ரிப்பேருக்குப் பைப்பை உருவினால் அது தோட்டத்திலேயேதான் கிடக்கிறது. வண்டியில் வர வேண்டியது புதுப் பைப் மட்டும். அதைக் கடைக்காரரின் லோடு வண்டியில் நேராகத் தோட்டத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். இல்லை, கையோடு கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால் யு.பி.வி.சி. காலம் பைப் (போர்வெல்லுக்குள் மோட்டாரோடு இறக்கும் பிளாஸ்டிக் பைப்) 3 மீட்டர் நீளத்தில் வருகிறது. பத்தடி கேரியரில் அழகாக உட்காரும். முக்காலியின் கால்களை நடுவில் சாக்கெட் வைத்துப் பிரிக்கிற மாதிரி செய்துகொள்ளுங்கள். சாக்கெட் உள்ளே ஒன்றரை அடியாவது ஏற வேண்டும்.

ஒட்டன்சத்திரம்: சிவப்புத் துணி கட்டினால் மூன்றடி வரை பின்னால் நீட்டலாம் என்கிறார்களே?

பழைய கதை. பின்னால் ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளில் முன்பு இடம் இருந்தது. 2014-ல் அதை எடுத்துவிட்டார்கள். இரவில் நின்ற லாரிகளின் கம்பி, பின்னால் வந்தவர்களின் நெஞ்சில் பாய்ந்த விபத்துகள்தான் காரணம். இப்போது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194(1ஏ) படி முன்னால், பின்னால், பக்கவாட்டில், உயரத்தில் எங்கே அளவு மீறினாலும் 20,000 ரூபாய் அபராதம். சரக்கை அங்கேயே இறக்கும் செலவும் உங்கள் தலையில்.

ஈரோடு, சோலார் கான்ட்ராக்டர்: சார், எனக்குச் சோலார் பேனலைத் தாங்கும் பத்தடி அலுமினியச் சேனல்தான். மேலே ஏற்றி இறக்க நேரம் ஆகிறது. கேபின் பின்கண்ணாடியை எடுத்துவிட்டு, கீழே தகட்டையும் கொஞ்சம் வெட்டிக் கதவு மாதிரி வைத்தால் சேனல் உள்ளேயே வந்துவிடும். பின் சீட்டில் பாதியை மடக்கிவிட்டு, மீதிப் பாதியில் ஒருவர் உட்காரலாம். அமெரிக்காவில் இப்படி வண்டியே விற்கிறார்கள்.

விற்கிறார்கள், உண்மைதான். செவர்லே அவலான்ச் என்று ஒரு வண்டி 2002 மாடலிலிருந்து 2013 வரை வந்தது. கேபினின் பின்சுவரை மடக்கினால் பாடியும் கேபினும் ஒரே தளமாகும். பின் சீட்டு முழுவதும் மடங்கிவிடும், அங்கே யாரும் உட்கார முடியாது. இப்போது சில்வராடோ மின்சார வண்டியில் அதையே திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதில் சுவர் 60-க்கு 40 என்று பிரிந்து மடங்கும். ஒரு பக்கம் ஆள், ஒரு பக்கம் நீளச் சாமான். நீங்கள் கேட்பது இதைத்தான்.

அந்த இரண்டு வண்டியிலும் கேபினும் பாடியும் ஒரே உடலாகச் செய்தவை என்பதைக் கவனியுங்கள். நடுவில் இடைவெளி கிடையாது, சுவர் இல்லாமலேயே உறுதி நிற்கும்படி கணக்குப் போட்டிருக்கிறார்கள். உங்கள் வண்டியில் அந்தப் பின்சுவர்தான் கேபினை நாற்கோணமாகப் பிடித்து வைத்திருக்கிறது. அதை வெட்டினால் முதலில் பின்கதவு சரியாகச் சாத்தாது, அப்புறம் முன்கண்ணாடியின் மூலையில் கீறல் விழும். உருண்டால் கூரை இறங்கும். பாடியும் கேபினும் வேறு வேறாக அசைவதால், ஓட்டை வழியாக வரும் சேனல் அந்த விளிம்பை ரம்பம் மாதிரி அறுக்கும்.

சட்டமும் அனுமதிக்காது. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வருட மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பின், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

திருப்பூர், பாடி கட்டுபவர்: நானும் இதே தொழில்தான். சுவரை வெட்டுவது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தகட்டைத் தொடாமல் கண்ணாடியை மட்டும் எடுத்து, ஸ்லைடிங் கண்ணாடி வைத்துக் கொடுக்கலாமே? வேன்களில் சாமானும் ஆளும் சேர்ந்துதானே போகிறார்கள்?

கண்ணாடி மட்டும் என்றால் உறுதி கெடாது, சரி. ஆனால் புகையை மறந்துவிட்டீர்கள். ஓடும் வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாகும், சைலன்சர் புகை அதில் மாட்டிக்கொண்டு வண்டியோடேயே வரும். பின்பக்கம் திறந்திருந்தால் அந்தப் புகை கேபினுக்குள் இழுக்கப்படும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் இல்லை, நிறம் இல்லை. பின் சீட்டில் களைப்பாக வருபவர் தூங்குகிறார் என்று முன்னால் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

திருப்பூர், பாடி கட்டுபவர்: முன் ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று ஓடிவிடும். அதுவும் பத்து கிலோமீட்டர் தூரம்தான். எனக்கு உங்கள் பதில் போதவில்லை.

சரி, புகையை விடுங்கள். பிரேக்கைப் பார்ப்போம். சேனல்கள் ஆறு, கட்டாகக் கட்டி உள்ளே நீட்டியிருக்கிறீர்கள். பெல்ட் வெளியே இருக்கும் சேனலைத்தான் பிடிக்கும், உள்ளே இருப்பதைப் பக்கத்துச் சேனல்தான் பிடிக்க வேண்டும். அலுமினியத்தோடு அலுமினியம் வழுக்கும். திடீர் பிரேக்கில் வெளிக்கட்டு அசையாது, நடுவில் இருக்கும் ஒன்று மட்டும் அம்பாகக் கிளம்பும். பைப் கட்டிலும் அப்படித்தான். கட்டிய கட்டு அப்படியே இருக்கும், நடுப்பைப் மட்டும் ஓரடி வெளியே வந்திருக்கும். ஏற்றி இறக்குபவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள். மேலே கேரியரில் வந்தால் அது முன்தடுப்புத் தகட்டில் இடித்து நிற்கும். கேபினுக்குள் அதன் வாய் நிற்பது டிரைவரின் தோளுக்குப் பக்கத்தில். வெட்டிய சேனல் முனை கத்திதான். அங்கே தடுப்பு வைக்க உங்களுக்கு இடம் எங்கே இருக்கிறது?

ஈரோடு, சோலார் கான்ட்ராக்டர்: இருவரும் சொன்னதைப் படித்தேன். வெட்டும் யோசனையை விட்டுவிட்டேன். ஆனால் ஏற்றி இறக்கும் நேரத்துக்கு வழி சொல்லுங்கள்.

கேரியரின் பின்சட்டத்தில் ஒரு உருளை வையுங்கள். உள்ளே பேரிங் போட்ட ஒன்றரை இஞ்ச் பைப் போதும். சேனலின் ஒரு முனையை உருளை மேல் வைத்துவிட்டு, மறுமுனையைத் தரையிலிருந்து ஒருவரே தள்ளலாம். பக்கத்தில் ஏறி நிற்க ஒரு படியும் வைத்துத் தருகிறேன். உயரம் குறையணும் என்றால் டிரைவருக்கு எதிர்ப்பக்கம் மட்டும் கேரியரைத் தாழ்த்திக் கட்ட முடியுமா என்று கேட்காதீர்கள். எடை ஒரு பக்கம் சாயும்.

திருப்பூர், பாடி கட்டுபவர்: முன்தடுப்பு விஷயம் நியாயம்தான். கண்ணாடி வேலையை நானும் இனி அதற்காகச் செய்வதில்லை.

நல்லது.

தாராபுரம்: சிவப்புத் துணியோடு ராத்திரியில் சிவப்பு லைட்டும் வைத்தால்?

மேலே ஒட்டன்சத்திரத்துக்குச் சொன்னதுதான். கூடாது.

பொள்ளாச்சி: பெல்ட் நல்லதா, கயிறு நல்லதா? தென்னை மட்டைக் கயிற்றில்தான் இதுவரை கட்டுகிறோம்.

இரண்டு இஞ்ச் ராட்சட் பெல்ட் (கைப்பிடியால் இறுக்கும் பெல்ட்). ஆனால் பெல்ட்டைவிட முக்கியம் கீழே போடும் ரப்பர் ஷீட். கணக்கு சொல்கிறேன். பிரேக் பிடிக்கும்போது சாமான் தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் தள்ளும் என்று வைத்துத்தான் சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரத்தில் கணக்குப் போடுகிறார்கள். இரும்பு மேல் இரும்பு இருந்தால் உராய்வு 20 சதவீதத்தைத்தான் பிடிக்கும். மீதி 60-ஐ பெல்ட்டின் இறுக்கத்தால் மட்டும் பிடிக்க, 100 கிலோ சாமானுக்குப் பெல்ட்டின் இரண்டு பக்கமும் தலா 150 கிலோ இறுக்கம் வேண்டும். நடுவில் ரப்பர் போட்டால் உராய்வே 60 வரை வந்துவிடும், பெல்ட்டின் வேலை பெரிதும் குறையும். பழைய டியூப்பை வெட்டிப் போடாதீர்கள், மண் ஒட்டினால் வழுக்கும். கனமான ரப்பர் ஷீட்டையே கேரியர் சட்டத்தில் போல்ட் போட்டுப் பதியுங்கள்.

பெல்ட்டை மேலே போட்டு இழுப்பதோடு நிறுத்தாமல், பைப் கட்டைச் சுற்றி ஒரு முழுச் சுற்றுப் போட்டு அப்புறம் கொக்கியில் மாட்டுங்கள். கட்டு எல்லாப் பக்கமும் நெரிந்து பிடிக்கும். ஐந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். பைப் குலுங்கி உட்கார்ந்ததும் பெல்ட் கண்டிப்பாகத் தளரும்.

மேட்டுப்பாளையம்: கேரியரை சேஸிலேயே வெல்டு வைத்துவிட்டால் உறுதியாக இருக்குமே?

வேண்டாம். வெல்டு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் சேஸ் இரும்பு சூட்டில் குணம் மாறி, நாளடைவில் அங்கேதான் வெடிப்பு விடும். சேஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டையும் போடக் கூடாது. பாடியை சேஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகளையே கொஞ்சம் நீளமாக மாற்றி, அதில் பிளேட் வைத்துக் கேரியர் காலை நிறுத்துங்கள். வண்டியில் எங்கே வெல்டிங் செய்தாலும் முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், இல்லையென்றால் இ.சி.எம். (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விடும். போல்ட்டில் நிற்கும் கேரியர் என்றால் தேவைப்படும்போது கழற்றலாம். எப்.சி.க்குப் போகும்முன் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வரைபடத்தைக் காட்டிக் கேட்டுவிட்டுக் கட்டுவது இன்னும் நல்லது.

காங்கேயம்: ஆட்கள் ஆறு பேர். பின் சீட்டில் மூன்று பேர் போக, மீதிப் பேர் பின்னால் பைப் மேல் உட்கார்ந்து வருவார்கள். பிரச்சினை வருமா?

வரும். ஏற்றாதீர்கள். உருளும் பைப் மேல் மனிதரை உட்கார வைப்பது ஒரு ஆபத்து. அதற்கும் மேலே, சரக்குப் பாடியில் சும்மா ஏறி வருபவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏதாவது ஆனால் அந்தக் குடும்பத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பஸ் காசு கொடுத்து அனுப்புங்கள்.

உடுமலை: என் இசுசு வி-கிராஸ் டபுள் கேபின் வண்டியின் கூரையில் கம்பெனி ரெயிலே இருக்கிறது. அதில் பைப்பைக் கட்டலாமா?

அது எடை தாங்க வைத்ததா, அழகுக்கு வைத்ததா என்று வண்டிக் கையேட்டில் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். எடை தாங்கினாலும் ஒரு முனையைக் கூரையிலும் மறுமுனையைப் பாடியிலும் கட்டாதீர்கள். பல்லடத்துக்குச் சொன்ன அசைவு இங்கேயும் உண்டு.

அவிநாசி: இருபதடி பைப்பைக் குறுக்காகச் சாய்த்து வைத்தால் நீளம் குறையுமே?

சிறிதளவுதான் குறையும். கேள்வி பழையது, பதில் முதல் பதிலிலேயே இருக்கிறது.

கோபி: சிவப்புத் துணி?

கூடாது. இந்தக் கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

சூலூர்: அண்ணா, கேரியர் கட்டினால் எவ்வளவு எடை ஏற்றலாம்?

ஆர்.சி.யை எடுங்கள். மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். அதிலிருந்து ஆட்களைக் கழியுங்கள், ஐந்து பேர் என்றால் 325 கிலோ வையுங்கள். கேரியரையும் கழியுங்கள். நாற்பதுக்கு நாற்பது, மூன்று எம்.எம். ஸ்கொயர் டியூப்பில் நாற்பதடி போனால் அதுவே நாற்பது கிலோ. மீதிதான் சரக்கு, செயின் பிளாக்கும் டூல் பாக்ஸும் அதில்தான் சேரும். அதிலும் கனமானதைக் கீழே பாடியில் வைத்துவிட்டு, நீளமானதை மட்டும் மேலே ஏற்றுங்கள். அளவெடுக்க வரும்போது வண்டியை மட்டும் கொண்டுவராமல், வழக்கமாக ஏற்றும் சாமானையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஸ்பிரிங் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கால் உயரம் வைக்க வேண்டும்.