ஜார்ஜ் டவுன் பழைய ஆபீஸ் மாடியை வீடாக்க அனுமதி வேண்டுமா?

கேள்வி: சென்னை ஆர்மேனியன் தெருவில் எங்கள் தாத்தா விட்டுப்போன கட்டடம் நூறு வருஷத்துக்கு மேல் பழையது. கம்பெனி ஆபீஸாக இருந்த மேல்மாடி காலியாகிவிட்டது. முகப்பைத் தொடாமல் உள்ளே மட்டும் இரண்டு பெட்ரூம் வீடாக மாற்ற நினைக்கிறோம். எதையும் இடிக்கவில்லையே, அனுமதி தேவையா?

பதில்: தேவை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971, உபயோக மாற்றத்தையும் 'மேம்பாடு' என்றே கருதுகிறது. ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்காவிட்டாலும் 49-ஆம் பிரிவில் திட்ட அனுமதி வாங்கியாக வேண்டும். வாங்காமல் தொடங்கினால் 56, 57 பிரிவுகளில் நோட்டீஸ் வரும், வேலை நிற்கும், சீல் வைக்கவும் செய்வார்கள்.

பிளான் போடும் முன் இரண்டைப் பாருங்கள். கட்டடம் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் கோப்பு பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவுக்குப் போகும்.

அடுத்தது, பலரும் கோட்டை விடும் இடம். பழைய சட்டக் கல்லூரி வளாகத்திலுள்ள, பழைய கவர்னர் எலிஹு யேலின் மகன் டேவிட் யேல் கல்லறை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வந்தது. அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் கட்டுமானத் தடைப் பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் அனுமதி வாங்கியே கட்ட வேண்டிய ஒழுங்குமுறைப் பகுதி. கல்லறையை இடம் மாற்றச் சொல்லி 2023-இல் உயர் நீதிமன்ற உத்தரவும் வந்ததால், இன்றைய நிலையையும் உங்கள் மனைக்கான தூரத்தையும் அந்தத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தடைப் பகுதியில் 16.6.1992-க்கு முன் இருந்த கட்டடத்தைப் பழுதுபார்க்க, புதுப்பிக்க, மத்தியப் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் (AMASR) 20சி பிரிவில் தகுதிவாய்ந்த அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். 'புதுப்பித்தல்' என்பதில் இடித்துக் கட்டுவது சேராது.

வம்பு பாத்ரூமில்தான் ஆரம்பிக்கும். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் தளத்தில் கசிவு இறங்கினால், சுவருக்குள் போகும் உத்தரத்தின் முனை மக்கிவிடும். உடனே மேஸ்திரி தளத்தைப் பிரித்து கான்கிரீட் போடச் சொல்வார். அந்த நிமிஷமே 'உள்வேலை' மறுகட்டுமானமாகிவிடும். கையிலிருக்கும் அனுமதி உதவாது. தளத்தை வெட்டாமல் தரையை உயர்த்தி, குழாய்களைப் பின்சுவருக்கு வெளியே இறக்குங்கள். அதைப் பிளானிலேயே காட்டிவிடுங்கள். பழைய கட்டடங்களில் பழகிய ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் சான்றும் சேர்ந்தால், பரிசோதனைக்கு வரும்போது பேச்சு வளராது.

வேலை முடிந்ததும் மின் இணைப்பை வணிகத்திலிருந்து வீட்டு டேரிஃபுக்கும், சொத்து வரியைக் குடியிருப்பு வகைக்கும் மாற்ற விண்ணப்பியுங்கள். இவை மாறிய ரசீதைக் காட்டித் திட்ட அனுமதி இருப்பதாக வாதிட முடியாது.