வெனிஸ் நகரைப் பார்க்க ஒரு நாள் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், ரோமிலிருந்து மிலான் போகிற பயணத்துக்கு நடுவே சுற்றிவந்து காலையில் இறங்கி மாலை ரயிலைப் பிடிக்கும் திட்டம்போலத் தெரிகிறது. வேண்டாம். ஓர் இரவாவது தங்குங்கள்; அதுவும் கடற்பாலத்துக்கு இந்தப் பக்கம் நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் அல்ல, தீவுக்குள்ளேயே. மெஸ்த்ரேயில் அறை மலிவு என்பது எனக்கும் தெரியும். 'காசு இருப்பவர்கள் பேச்சு' என்று பின்னூட்டமிடக் காத்திருப்பவர்களுக்கு: நாங்கள் இரண்டு வருடம் சீட்டுக் கட்டிப் போனவர்கள்.

2023 அக்டோபரில் போனோம். சாந்தா லூசியா ரயில் நிலையத்தின் படிக்கட்டு இறங்கினால் எதிரே பெரிய கால்வாய். படகு பஸ்ஸில் 75 நிமிட டிக்கெட் அப்போது 9.50 யூரோ. இருவருக்கு 19 என்று கணக்குப் போட்ட என் கணவர், "அரை மணி நடைதானே" என்றார். (இதை அவர் படிப்பார். படிக்கட்டும்.) அந்த ஊரில் 400க்கும் மேற்பட்ட பாலங்கள் இருப்பதையோ, பெரும்பாலானவை படியேறி இறங்க வேண்டியவை என்பதையோ அவருடைய கைப்பேசி சொல்லவில்லை. ஐந்தாவது பாலத்தில் பெரிய பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்று, ஒவ்வொரு படியாகக் குதித்து, கால்வாய்க்குள் விழுந்தது.

தங்கும் விடுதியின் விலாசமோ 'காஸ்தெல்லோ' என்று வட்டாரத்தின் பெயர், பின்னால் ஆறாயிரத்துச் சொச்சம் ஓர் எண். அவ்வளவுதான். அங்கே ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒரே வரிசையில் கதவு எண் ஓடுகிறது. தெருப் பெயர் எங்கள் தாளில் இல்லவே இல்லை. வழி கேட்டவர்களெல்லாம் "செம்ப்ரே திரித்தோ", நேராகப் போங்கள், என்றார்கள். நேராகப் போகிற சந்து ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. அரை மணி நடை ஒன்றே முக்கால் மணி ஆயிற்று.

இவ்வளவு பட்டும் ஏன் தங்கச் சொல்கிறேன் என்றால், பகலில் முழங்கையால் இடித்துக்கொண்டு கடந்த ரியால்தோ பாலத்தில் இரவு 11 மணிக்கு விரல்விட்டு எண்ணும்படிதான் ஆட்கள் இருந்தார்கள். வாசற்படியைத் தண்ணீர் தட்டும் சத்தம் கேட்கிறது. 2024 முதல் சில நாட்களில், பகலில் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணமும் வாங்குகிறார்கள். இரவு தங்குபவர்களுக்கு அது கிடையாது. விலக்கை மட்டும் முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.

காலையில் ஜன்னலுக்குக் கீழே கடகடவென்று சத்தம். கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் தள்ளுவண்டி. முன்புறம் கூடுதலாக இரண்டு சிறு சக்கரங்கள். பாலம் ஏறும்போது அவற்றை அடுத்த மேல்படியில் ஊன்றிக்கொண்டு பெரிய சக்கரங்களை ஏற்றிவிடுகிறான் அந்தப் பையன். தண்ணீர்ப் பாட்டில் ஒன்றுகூடச் சரியவில்லை. என் கணவர் காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

சக்கரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பெட்டியை வாங்கிய தியாகராய நகர்க் கடைக்கு, ஊர் திரும்பிய வாரமே போனோம். ஐந்து வருட உத்தரவாதம் என்று விற்றவர்கள், "உத்தரவாதம் பெட்டிக்குத்தான் மேடம்" என்றார்கள். பெட்டியோடு ஒட்டிப் பிறந்ததுதானே சக்கரம்? குரலை உயர்த்திய பிறகு மேலாளர் வந்தார். "சரி, கழன்ற சக்கரத்தைக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம்" என்றார்.