"அவ்வளவு பாரம் ஏத்துற கப்பல் கவிழ்ந்திடாதா சார்?"

பையன் பிளஸ் டூ முடித்ததும், கப்பல் அதிகாரியாவதற்கான நாட்டிக்கல் சயின்ஸ்தான் படிப்பேன் என்று நிற்கிறான் என்று சொல்லிவிட்டு, போனில் இதைக் கேட்டீர்கள் அம்மா. கேட்க வேண்டிய கேள்விதான். கவிழ்ந்திருக்கிறது.

2019 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், பிரன்ஸ்விக் துறைமுகத்திலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளோடு கிளம்பிய 'கோல்டன் ரே' கப்பல் ஒரு திருப்பத்தில் அப்படியே சாய்ந்து படுத்துவிட்டது. புயலும் இல்லை, பாறையும் இல்லை. கப்பல் நிலையாக நிற்க நீர் நிரப்பும் பேலஸ்ட் தொட்டிகளில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை, கேப்டனுக்கு அடுத்த நிலையில் இருக்கும் சீஃப் ஆபீசர் கணினியில் தப்பாகப் பதிந்திருந்தார் என்றது விசாரணை. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் உள்ளே மாட்டிக்கொண்ட 4 பேரை மறுநாள்தான், கப்பலின் தகட்டை வெட்டி வெளியே எடுத்தார்கள்.

பயிற்சி பெறும் கேடட், தேர்ட் ஆபீசர், செகண்ட் ஆபீசர் என்று ஏறி, உங்கள் பையனும் ஒருநாள் அந்த சீஃப் ஆபீசர் இடத்துக்குத்தான் வருவான். எந்தச் சரக்கு எங்கே, எந்தத் தொட்டியில் எவ்வளவு நீர் என்ற கணக்கெல்லாம் சீஃப் ஆபீசர் தலையில்தான்.

தாம்பாளத்தில் பாதி தண்ணீர் ஊற்றித் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். லேசாகச் சாய்ந்தாலும் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடி, சாய்வைக் கூட்டிவிடும். அரைகுறையாக நிரம்பிய தொட்டி கப்பலுக்குச் செய்வதும் இதைத்தான். ஈரத் தாது இன்னும் பொல்லாதது. ஏற்றும்போது மண்ணாக இருக்கும். கப்பல் அதிர அதிரக் குழம்பாகிவிடும். 2015 ஜனவரியில் மலேசியாவின் குவாந்தானில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை ஏற்றிவந்த 'பல்க் ஜூபிடர்' வியட்நாம் அருகே மூழ்கியபோது, 19 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். ஈரப்பதம் கூடுதலாகத் தெரிந்தால் "ஏற்ற மாட்டேன்" என்று துறைமுகத்திலேயே சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு நெஞ்சுரம் வேண்டும்தான்.

சரி, கனமானதையெல்லாம் அடியில் போட்டுவிட்டால்? அதுவும் அளவோடுதான். அடி கனம் கூடினால், சாய்ந்த கப்பல் வெடுக்கென்று நிமிரும். அந்த உலுக்கலில் சரக்கைக் கட்டிய சங்கிலியே அறுந்துபோகலாம். கனம் மேலே போனாலும் ஆபத்துதான். கப்பலின் சொந்த கிரேனில் 200 டன் டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பினாலே போதும், அத்தனை எடையும் கிரேன் உச்சியில் இருப்பதாகத்தான் கணக்கு. முதன்முதலில் கேட்டபோது நானே நம்பவில்லை.

பிளஸ் ஒன் இயற்பியலில் வரும் நிறை மையமும் திருப்பு விசையும்தான் இதற்கெல்லாம் அடிப்படை. அதனால் அவன் மார்க்கைவிட ரஃப் நோட்டை எனக்குக் காட்டுங்கள். விடை வந்த பிறகும் இன்னொரு வழியில் போட்டுப் பார்க்கிறானா, அலகு சரியா என்று திரும்பிப் பார்க்கிறானா? அந்தப் பழக்கம் இருந்தால் தாராளமாக அனுப்பலாம்.

நுழைவுத்தேர்வை நடத்துவது இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம். தலைமையகம் நம் சென்னையில்தான். ஃபீஸ் கட்டுவதற்கு முன் கப்பல்துறைத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த டாக்டரிடம் கண்ணைக் காட்டிவிடுங்கள். நிறக்குருடு இருந்தால் இந்தப் படிப்புக்கு வழியில்லை. கணக்கு பிடித்திருக்கிறது, ஆனால் மாதக்கணக்கில் கடலில் இருக்க முடியாது என்றால், சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் வடிவமைப்புப் பொறியியல் இருக்கிறது. அதற்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ரஃப் நோட்டு மறக்க வேண்டாம்.