அப்பாவின் ஸ்கூட்டருக்கு எந்த எஞ்சின்?

கேள்வி: அப்பா 1968-ல் வாங்கிய பஜாஜ் வெஸ்பா 150 வீட்டில் நிற்கிறது. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஒரே வெள்ளைப் புகை, மேட்டில் இழுப்பதே இல்லை. ஒரு மெக்கானிக் எல்எம்எல் எஞ்சின் மாட்டலாம் என்கிறார். இன்னொருவர் ஆக்டிவா எஞ்சினே போட்டுத் தருகிறேன், கிக்கர் உதைக்கவே வேண்டாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
வாசகர், ஈரோடு

பதில்: ஆக்டிவா யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். வெஸ்பாவில் சேசிஸ் என்று தனியாக எதுவும் கிடையாது, தகட்டை அழுத்தி வளைத்து வெல்டு வைத்த அந்த பாடிதான் சேசிஸ். 1946-ல் வெஸ்பாவை வடிவமைத்த கொரடினோ தாஸ்கானியோ விமானப் பொறியாளர், அதனால் எடை முழுவதையும் தகடே தாங்குகிற மாதிரி செய்துவிட்டார். ஆக்டிவா எஞ்சின் பெல்ட்டில் ஓடுவது, உருவமும் வேறு, பாடியில் அது மாட்டிக்கொள்கிற விதமும் வேறு. அதை உள்ளே நுழைக்க அடிப்பாகத்தை அறுத்துப் புது பிராக்கெட் வெல்டு வைக்க வேண்டும். அறுபது வருடம் தாங்கிய தகட்டை அறுக்கச் சொல்ல எனக்கு மனசே வராது, அது பாதுகாப்பும் இல்லை.

எல்எம்எல் விஷயம் அப்படியல்ல. அதுவும் வெஸ்பா குடும்பம்தான். முன்னால் சைலன்ட் பிளாக் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்) வழியே போகும் ஒரு நீள போல்ட், பின்னால் ஷாக் அப்சார்பர், இந்த இரண்டில்தான் எஞ்சின் நிற்கிறது. பின்சக்கரமும் பிரேக்கும் எஞ்சினோடு சேர்ந்தே வரும். சிக்கல் அங்கேதான்: உங்களுடையது 8 அங்குலச் சக்கரம், எல்எம்எல் 10 அங்குலம். மாட்டியதும் ஷாக் அப்சார்பரைக் கழற்றி சக்கரத்தை மேலே தூக்கி, டயர் பாடியில் எங்காவது உரசுகிறதா என்று சுற்றிப் பாருங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேர் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போதுதான் தெரியும். வயரிங்கும் மாறும். 12 வோல்ட் சிடிஐ (எலக்ட்ரானிக் இக்னிஷன்) எஞ்சினைப் பழைய 6 வோல்ட் வயரிங்கில் கொடுத்தால் பல்பெல்லாம் போய்விடும், ரெகுலேட்டரோடு புது வயரிங் செட் வேண்டும். பழையது மூன்று கியர் என்றால் ஹேண்டிலில் கியர் பிடியையும் நாலு கியருக்கு மாற்றணும்.

இதெல்லாம் முடிகிற வேலைதான். ஆனால் சட்டம் இருக்கிறது. ஆர்சி புத்தகத்தில் எஞ்சின் நம்பரும் இருக்கிறது. ஆர்டிஓ அனுமதி இல்லாமல் வேறு எஞ்சின் மாட்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை மீறியதாகும். 2021-ல் வந்த விதிப்படி, 50 வருடம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்ய வேண்டுமானால் சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. உங்கள் வண்டிக்கு இன்று அந்தத் தகுதி இருக்கிறது, வேறு எஞ்சின் ஏறினால் போய்விடும். (வின்டேஜ் பதிவு வாங்கினால் தினமும் ஓட்ட முடியாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.)

அதனால் முதலில் பழைய எஞ்சினைத்தான் பார்க்கச் சொல்வேன். வெள்ளைப் புகை என்கிறீர்களே, கியர் ஆயில் அளவைப் பாருங்கள். சுமார் 250 மில்லி இருக்கணும். அது குறைந்துகொண்டே வந்தால் கிராங்க் ஷாஃப்டில் கிளட்ச் பக்கம் ஆயில் கசியாமல் தடுக்கிற சீல் போயிருக்கிறது, எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது. சீல் விலை சொற்பம், எஞ்சினைப் பிரிக்கும் கூலிதான் செலவு. பிரித்த கையோடு பேரிங், கனெக்டிங் ராடு பார்த்து, சிலிண்டரின் உள்சுவர் (போர்) தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுவிடுங்கள், மேட்டில் இழுக்காத குறையும் பெரும்பாலும் அதிலேயே தீரும்.

எஞ்சினை இறக்கும்போது அந்த நீள போல்ட் துருப்பிடித்து வராது. மரையில் நேராகச் சுத்தியல் போடவிடாதீர்கள். முதல் நாள் இரவே டீசல் ஊற்றி ஊறவிட்டு, நட்டை நுனிவரை திருப்பி வைத்து அதன் மேல் தட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: லாம்ப்ரெட்டா லி 150 வைத்திருக்கிறேன். விஜய் சூப்பர் எஞ்சின் பொருந்துமா?
வாசகி, மதுரை

பதில்: பொருந்தும். விஜய் சூப்பரைச் செய்த லக்னோ ஸ்கூட்டர்ஸ் இந்தியா, இத்தாலியின் இன்னோசென்டியிடம் லாம்ப்ரெட்டா இயந்திரங்களையே வாங்கி வந்து தொடங்கியது, எஞ்சின் லி வழியில் வந்ததுதான். உங்கள் வண்டி லி இல்லாமல் 1950-களின் எல்டி மாடலாக இருந்தால் மட்டும் ஒத்துவராது, அது செயின் இல்லாமல் ஷாஃப்டில் ஓடுவது. ஆர்டிஓ அனுமதி உங்களுக்கும் வேண்டும்.