‘டாக்டர் வந்தார்’ என்றால் வந்தது யார்? மொழிப்பக்கம்: வாசகர் கேள்வி பதில்

திணை, பால், மரியாதை விகுதி பற்றி வகுப்பறைகளிலிருந்து வந்த கேள்விகள் இந்த முறை.

எட்டாம் வகுப்பில் ‘டாக்டர் வந்தார்’ என்று எழுதிப் போட்டு, வந்தவரைப் படமாக வரையச் சொன்னேன். மாணவிகள் உட்படப் பெரும்பாலோர் ஆணைத்தான் வரைந்தார்கள். ‘ஆர்’ விகுதி இருபாலுக்கும் பொது என்றல்லவா நடத்துகிறோம்? (தமிழாசிரியர், திண்டுக்கல்)

எழுத்தில் பொதுதான். காதில்தான் பொது இல்லை. வீட்டில் பிள்ளைகள் கேட்பது ‘அப்பா வந்தாரு’, ‘அம்மா வந்தாங்க’. ‘அம்மா வந்தாரு’ என்று யாரும் சொல்வதில்லை. தமிழ்நாட்டுப் பேச்சில் ‘அவரு’ பெரும்பாலும் ஓர் ஆணுக்கான மரியாதைச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. பெண்ணுக்கு மரியாதை வேண்டுமென்றால் ‘அவங்க’ என்ற பன்மையை எடுக்கிறோம். அந்தக் காதோடு வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு ‘வந்தார்’ என்றதுமே ஓர் ஆண் நடந்து வருகிறார். டாக்டர் என்றாலே ஆண் என்ற நினைப்பும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழி உண்டு. 40 பேர் இருந்தால் 20 சீட்டில் ‘டாக்டர் வந்தார்’ என்றும், 20 சீட்டில் ‘டாக்டர் வந்தாங்க’ என்றும் எழுதிக் கலந்து கொடுங்கள். இரண்டு விதம் இருப்பதைச் சொல்ல வேண்டாம். படம் கேட்காதீர்கள், சட்டை, கால்சட்டை போட்ட குச்சி மனிதனை வரைவது கைப்பழக்கம், அது ஆண் போலவே தெரியும். ‘இந்த டாக்டருக்கு ஒரு பெயர் வையுங்கள்’ என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் போதும். கிருபா, ஜோதி போல இருபாலுக்கும் வரும் பெயர்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு எண்ணுங்கள். இரண்டு கட்டுக்கும் வேறுபாடு இரண்டு மூன்று சீட்டுதான் என்றால் அதிலிருந்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். இன்னொரு பிரிவிலும் செய்து பாருங்கள். பெரிதாக இருந்தால் விகுதியின் வேலை கையில் கிடைத்துவிட்டது. இரண்டு கட்டிலுமே ஆண் பெயர்கள் மிகுந்திருந்தால் சிக்கல் இலக்கணத்தில் இல்லை, டாக்டர் என்ற சொல்லோடு ஒட்டிய படத்தில் இருக்கிறது. அப்போது ‘நர்ஸ்’ என்று மாற்றி அதே சோதனையைச் செய்தால் வகுப்பே சிரித்துக்கொண்டு புரிந்துகொள்ளும்.

ஆகவே பாடத்திலும் வினாத்தாளிலும் ‘மருத்துவர் வந்தார்’, ‘பொறியாளர் சொன்னார்’ என்று எழுதிவிட்டால் பால் சமத்துவம் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். சில இடங்களிலாவது பெயர் சேருங்கள்: ‘மருத்துவர் மலர்விழி வந்தார்’. ‘ஆர்’ பெண்ணுக்கும் உரியது என்பது பெயரோடு பல முறை கேட்டால்தான் காதில் ஏறும்.

‘அந்தப் பொண்ணு வந்துச்சு’ என்று பிள்ளைகள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். பெண்ணை அஃறிணையாக்குவதுதானே இது? திருத்துவதா, விடுவதா? (ஆசிரியர் பயிற்சி மாணவி, மதுரை)

எழுத்து நடையில் ‘அந்தப் பெண் வந்தாள்’ அல்லது ‘வந்தார்’. அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் பேச்சில் ‘வந்துச்சு’ எப்போதும் இழிவு இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணை ‘வந்தா’ என்றால் மரியாதைக் குறைவு, ‘வந்தாங்க’ என்றால் வயதுக்கு மீறிய மரியாதை. நடுவில் ‘வந்துச்சு’ நின்றுகொள்கிறது. ‘அந்தத் தம்பி வந்துச்சு’ என்றும் சொல்கிறார்கள் அல்லவா? ‘குழந்தை அழுதது’ எழுத்திலும் சரி.

இதற்கு நன்னூலிலேயே இடம் இருக்கிறது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய ஐந்து காரணங்களால் திணையும் பாலும் வழுவினாலும் அது இயல்பே என்கிறது. செறல் என்றால் சினம். பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பதும், தாய் மகளை ‘வாடா கண்ணா’ என்பதும் உவப்பு. இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்ய வைத்து மதிப்பெண் போடுவதோடு நிறுத்திவிடுகிறோம். அதையே ஒரு கேள்வியாக்கலாம்: நீ கேட்ட ‘வந்துச்சு’ இந்த ஐந்தில் எது? ஒன்றுமே பொருந்தாத ‘வந்துச்சு’வும் வரும். பேச்சு எங்கே இலக்கண நூலைத் தாண்டிப் போயிருக்கிறது என்பதை அங்கே மாணவரே கண்டுபிடிப்பார்கள்.

ஒரு பாடவேளையில் செய்யத்தக்க பயிற்சி இது. தாளில் நான்கு ஜோடிகள் எழுதுங்கள்: தாத்தா–பாட்டி, அப்பா–அம்மா, அண்ணன்–அக்கா, தம்பி–தங்கை. எதிரே ஐந்து கட்டம்: வந்தான், வந்தா, வந்தாரு, வந்தாங்க, வந்துச்சு. ஆறாவதைக் காலியாக விடுங்கள். உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ‘வந்தாக’ என்பார்கள். ‘நேத்து யார் வந்தது’ என்று எட்டுப் பேரையும் வைத்து எட்டு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். 40 பேர் என்றால் 320 விடைகள். எண்ணி முடிக்க 15 நிமிடம் ஒதுக்குங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. முதலாவது, பிள்ளைகள் வீட்டில் பேசுவதை எழுதாமல் புத்தகத் தமிழை எழுதிவிடுவார்கள். அதனால் ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் காதில் விழுந்த கட்டத்தில் குறியிட வேண்டும். சொன்னவர் எழுதக் கூடாது. இரண்டாவது, ஜோடிக்குள்தான் ஒப்பிட வேண்டும். தாத்தாவையும் தங்கையையும் ஒப்பிட்டால் வயதை அளக்கிறோம், பாலை அல்ல. அப்பா–அம்மா வரிசையில்தான் விஷயம் வெளிப்படும்: அப்பாவுக்கு ‘வந்தாரு’ சொல்லும் வீட்டில் அம்மாவுக்கு ‘வந்தாங்க’வா, ‘வந்தா’வா, ‘வந்துச்சு’வா? மூன்றாவது, ‘வீட்டு வேலைக்கு வருபவர்’, ‘துப்புரவுப் பணியாளர்’ போன்றவர்களைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவர்களுடைய பிள்ளை அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். தாளில் பெயர் எழுதவும் வேண்டாம். யார் வீட்டில் எப்படிப் பேசுகிறார்கள் என்பது சாதியையும் வசதியையும் காட்டிக்கொடுத்துவிடும்.

பயிற்சி நடக்கும்போது ஒரே ஒரு முறை ‘தப்பு’ என்று சொல்லிப் பாருங்கள், அதற்குப் பிறகு ஒருவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

தெலுங்கு பேசும் மாணவன் ‘அக்கா வந்தது’ என்கிறான். இந்தி பேசும் வீட்டுப் பிள்ளை நாற்காலியை ‘விழுந்தாள்’ என்கிறது. சிவப்பு மையால் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. (தொடக்கப்பள்ளி ஆசிரியர், ஓசூர்)

மையை மூடி வையுங்கள். இரண்டும் அவரவர் தாய்மொழிக் கணக்கு. தெலுங்கில் ஒருமையில் ஆணுக்கு ‘வச்சாடு’. பெண்ணுக்கும் பொருளுக்கும் ஒரே வடிவம், ‘வச்சிந்தி’. மரியாதைக்கும் மனிதர் பலருக்கும் ‘வச்சாரு’. ஆகவே அந்தப் பையன் அக்காவை அவமதிக்கவில்லை, மொழிபெயர்த்திருக்கிறான். இந்தியில் அஃறிணை என்ற பகுப்பே கிடையாது. வீடு ஆண்பால், நாற்காலி பெண்பால். ‘நான் வந்தேன்’ என்பதைக்கூட ஆண் ‘ஆயா’ என்றும் பெண் ‘ஆயீ’ என்றும் சொல்ல வேண்டும். நம் தன்மை வினையில் பால் தெரியாது என்பதே அந்தப் பிள்ளைக்குப் புதுச் செய்தி. மலையாளத்தில் எல்லாருக்கும் ‘வன்னு’தான், அந்த வீட்டுப் பிள்ளைகள் விகுதியில் தடுமாறுவார்கள். கன்னடப் பிள்ளைகளுக்குத் தொல்லை குறைவு: பந்தனு, பந்தளு, பந்தரு என்று நம்மோடு ஏறக்குறைய ஒட்டியே போகும்.

பலகையில் ‘அண்ணன் வந்தான், அக்கா வந்தாள், பேருந்து வந்தது’ என்று எழுதி, அந்தந்தப் பிள்ளையையே எழுப்பித் தன் மொழியில் சொல்ல வையுங்கள். கடைசி அசையை மட்டும் வண்ணச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். எந்த மொழி எதை எதோடு சேர்க்கிறது என்பது மூன்று வாக்கியத்தில் தெரிந்துவிடும். பிழை விட்டவரே அன்றைக்கு ஆசிரியர்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. பிள்ளை ‘அம்மா வந்தவ’ என்று சொன்னதற்கு வார இறுதித் தமிழ்ப் பள்ளியில், மரியாதையில்லாத பேச்சு என்று கண்டித்திருக்கிறார்கள். (பெற்றோர், டொரன்ரோ)

கண்டித்தவர் தமிழ்நாட்டுக் காதால் கேட்டிருக்கிறார். அங்கே ‘அவ’ என்றால் ‘அவள்’ தேய்ந்த வடிவம், மரியாதை இல்லை. யாழ்ப்பாணத்தில் ‘அவ’ மரியாதைச் சொல்; மரியாதை குறைந்தது ‘அவள்’. ‘அவர் வந்தவர், அவ வந்தவ, அவை வந்தவை’ (இங்கே ‘அவை’ என்றால் ‘அவர்கள்’) என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி மரியாதை ஒருமை வைத்திருக்கிற பேச்சு அது. தமிழ்நாட்டுப் பேச்சு பெண்ணுக்குப் பன்மையைக் கடன் வாங்குகிறது என்று மேலே சொன்னோமே, அந்தக் குறை இங்கே இல்லை. நீ, நீங்கள் இரண்டுக்கும் நடுவே ‘நீர்’ வேறு இருக்கிறது. ஆசிரியரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். கட்டுரையில் ‘அம்மா வந்தார்’ என்று எழுதப் பழக்கட்டும். பேச்சில் கை வைக்க வேண்டாம்.

வகுப்பில் ஒரு மாணவர் தன்னைத் திருநங்கையாக உணர்வதாகச் சொல்லியிருக்கிறார். எந்த விகுதியில் அழைப்பது? (உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர்)

அவரிடமே, தனியாக, கேட்டுவிட்டு. வகுப்பு முன்னால் கேட்பது விசாரணை ஆகிவிடும். வீட்டுக்குத் தெரியுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். பெற்றோர் கூட்டத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வீடே இல்லாமல் போகலாம். அவர் சொல்லும் பெயரை வையுங்கள். அவர் வேறு சொல்லும் வரை ‘வந்தார்’ பாதுகாப்பு. ‘அது’, ‘வந்துச்சு’ இந்த இடத்தில் கூடவே கூடாது. இங்கே அது காயப்படுத்தவே பயன்பட்டு வந்திருக்கிறது. ஒருவர் தன் பாலினத்தைத் தானே முடிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. திருநர், திருநங்கை, திருநம்பி போன்ற சொற்களுக்கு 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசிதழில் சொற்பட்டியலே வந்திருக்கிறது. பள்ளிக் கடிதங்களில் அதைப் பின்பற்றுங்கள்.

மற்ற மாணவர்கள் ‘இலக்கணப்படி என்ன’ என்று கேட்டால் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தைத் திறக்கலாம். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரை அது உயர்திணைக்குள் வைக்கிறது. அந்தப் பெயர் ஆண்பால் வினையோடு முடியாது என்றும் சொல்கிறது. அதாவது ‘வந்தான்’ அன்றைக்கே வழு, இலக்கணப் பிழை. பழைய நூல்கள் ஆளும் பேடு, அலி போன்ற சொற்களை மட்டும் இன்றைய பேச்சுக்கு எடுத்து வராதீர்கள். வசையாகப் புழங்கி நைந்தவை.

‘ஒருவன், ஒருவள்’ என்று எழுதலாமா?

‘ஒருவள்’ மரபில் இல்லை, ‘ஒருத்தி’. பால் தெரியாதபோது ‘ஒருவர்’. அது இருபாலுக்கும் உரியது என்பது தொல்காப்பியக் காலத்து விதி. வினாத்தாளில் ‘ஒருவன் 12 வாழைப்பழம் வாங்கினான்’ என்று தொடங்கும் கணக்குகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். கடைக்குப் போகிறவர், கடன் வாங்குகிறவர், நிலம் அளக்கிறவர் யார், சமைக்கிறவர் யார் என்று பக்க ஓரத்தில் ஆ, பெ குறித்தால் 20 கணக்குக்கு பத்து நிமிட வேலை.

கைம்பெண்ணுக்கு ஆண்பால் சொல் தமிழில் இல்லை என்று மாணவி ஒருத்தி வாதிட்டாள். உண்மையா?

புழக்கத்தில் இல்லை என்பது உண்மை. மனைவியை இழந்தவர் என்று விரித்துத்தான் சொல்கிறோம். பழைய இலக்கணத்தில் இருந்தது: நிலையாமையைச் சொல்லும் காஞ்சித் திணையில் தொல்காப்பியம் காதலியை இழந்தவன் நிலையைத் ‘தபுதார நிலை’ என்றும், காதலனை இழந்தவள் நிலையைத் ‘தாபத நிலை’ என்றும் அடுத்தடுத்து வைக்கிறது. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் ஊரெல்லாம் பெயர்கள் பெருகின, மற்றது நூலோடு நின்றுவிட்டது. ஏன் என்ற கேள்வியை அந்த மாணவியிடமே ஒரு பக்கக் கட்டுரையாகக் கேளுங்கள்.