வாடகைக்கு ஆள் தேர்ந்தெடுப்பது எப்படி? வீட்டுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முதல் தடவையாக வீட்டை வாடகைக்கு விடுகிறேன் சார். விண்ணப்பத்தில் என்னென்ன கேட்கலாம்?

பதில்: குடிவரும் பெரியவர்கள் அனைவரின் பெயர், அடையாளச் சான்று, மொத்தம் எத்தனை பேர், வேலை, வருமானம், கடைசியாகக் குடியிருந்த இரண்டு முகவரிகள், அந்த வீட்டுக்காரர்களின் எண். அடியில் “இவற்றைச் சரிபார்க்கச் சம்மதிக்கிறேன்” என்ற வரியும் கையெழுத்தும் கட்டாயம். அது இல்லாமல் யாருக்கும் போன் செய்து விசாரிக்காதீர்கள். உங்கள் நிபந்தனைகளை விளம்பரம் கொடுக்கும் முன்பே எழுதிவைத்துவிடுங்கள். ஆளைப் பார்த்த பிறகு எழுதினால், பிடித்தவருக்கு ஒரு விதி, பிடிக்காதவருக்கு ஒரு விதி என்று ஆகிவிடும்.

கேள்வி: சம்பளம் எவ்வளவு இருந்தால் போதும்?

பதில்: வாடகை, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பரவலான கணக்கு. ஆனால் கடன் தவணையைக் கழிக்காமல் அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை. வாடகை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் சம்பளம் 400, தவணை 200. வாடகை போக அவர் கையில் நிற்பது 100. இன்னொருவருக்குச் சம்பளம் 300தான், கடன் இல்லை. அவர் கையில் 200 நிற்கும். இரண்டாமவரே பாதுகாப்பு.

கேள்வி: சம்பளச் சீட்டு போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கூட்டிக் கழித்துப் பாருங்கள். மொத்தச் சம்பளத்திலிருந்து பிடித்தங்களைக் கழித்தால் கைக்கு வரும் தொகை வர வேண்டும். அதே தொகை வங்கி அறிக்கையில் வரவாக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று மாத அறிக்கை கேளுங்கள். அதில் ஒவ்வொரு வரியிலும் முந்தைய இருப்போடு வரவைக் கூட்டி, செலவைக் கழித்து, அடுத்த இருப்பு சரியாக வருகிறதா என்று பாருங்கள். ஒரு தொகையைத் திருத்துபவர்கள் அதற்குக் கீழே உள்ள இருப்புகளைத் திருத்த மறந்துவிடுவது உண்டு. பொய் அங்கே அகப்படும். அலுவலகத்துக்குப் பேசும்போது விண்ணப்பத்தில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். நிறுவனத்தின் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள். விண்ணப்பதாரர் கொடுத்த எண்ணில் அவருடைய நண்பரே “மேலாளராக”ப் பேசக்கூடும்.

கேள்வி: சொந்தத் தொழில் செய்பவரிடம் சம்பளச் சீட்டு இருக்காதே?

பதில்: இரண்டு வருட வரிக் கணக்கும் ஒரு வருட வங்கி அறிக்கையும் வாங்குங்கள். விற்பனையைப் பார்க்காதீர்கள், லாபத்தைப் பாருங்கள். சராசரியை விட, மிக மோசமான மாதத்தில் வாடகை கட்ட முடிந்திருக்குமா என்பதே முக்கியம்.

கேள்வி: பழைய வீட்டுக்காரரிடம் என்ன விசாரிப்பது?

பதில்: இப்போதைய வீட்டுக்காரர், தொல்லை ஒழிந்தால் போதும் என்று நல்லவிதமாகவே சொல்லலாம். அதற்கு முந்தையவருக்கு அந்த அவசரம் இல்லை. அவரிடம் அவசியம் பேசுங்கள். எந்த விவரத்தையும் நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். “எப்போது குடிவந்தார், வாடகை எவ்வளவு?” என்று கேட்டு விண்ணப்பத்தோடு ஒப்பிடுங்கள். வீட்டுக்காரராக நடிக்கும் பொய்யாள் என்றால் இங்கேயே தடுமாறுவார். பிறகு வாடகை தாமதமானதா, காலி செய்தபோது பழுது இருந்ததா, மறுபடியும் அவருக்கே வீடு விடுவீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்கினால், ஏன் என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தகுதியுள்ள மூன்று பேர் ஒரே வாரத்தில் வந்தால்?

பதில்: எல்லா ஆவணங்களும் முழுமையாக வந்த நேரத்தைக் குறித்துவைத்து, முதலில் வந்தவருக்குக் கொடுங்கள். இருவரிடம் முன்பணம் வாங்கவே கூடாது. மதம், பிறப்பு, திருமணமானவரா இல்லையா என்பதை வைத்து முடிவெடுப்பது அநியாயம். இத்தகைய பாகுபாட்டைப் பல நாடுகளில் சட்டமும் தடுக்கிறது. அவை எதுவும் வாடகை வருமா என்பதைச் சொல்வதில்லை.

கேள்வி: ஆறு மாத வாடகையை மொத்தமாகத் தருகிறேன், இன்றே சாவி வேண்டும் என்கிறார் ஒருவர்.

பதில்: ஏழாவது மாதம் எங்கிருந்து வரும் என்று பாருங்கள். மொத்தப் பணம் கொடுப்பதாலேயே அவர் மோசடிக்காரர் ஆகிவிட மாட்டார். ஆனால் ஒரு சோதனையைக் கூடத் தவிர்க்காதீர்கள். பணம் கணக்கில் உறுதியாகச் சேர்ந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகுதான் சாவி. “தவறிக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பிப் போடுங்கள்” என்றால் உடனே நிறுத்துங்கள். அவர் கொடுத்த காசோலை பிறகு திரும்பிவிட்டால், நீங்கள் அனுப்பியது போனதுதான்.

கேள்வி: வேண்டாம் என்று சொன்னவர்களின் ஆவணங்களை என்ன செய்வது?

பதில்: எந்த நிபந்தனை பொருந்தவில்லை என்பதை இரண்டு வரியில் எழுதி அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ச் சட்டம் வைத்திருக்கச் சொல்லும் காலம் முடிந்ததும் அடையாளச் சான்று, வங்கி அறிக்கைகளை அழித்துவிடுங்கள். போனில் வந்த படங்களையும் சேர்த்து.