சுவாமிக்குப் பெரிய எழுத்து, ஐயாவுக்கு?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் குடமுழுக்கு மலரில், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்த பங்காளி வீட்டுப் பிள்ளைகள் படிப்பதற்காக ஆங்கிலத்திலும் சில பக்கங்கள் சேர்க்கிறோம். சுவாமியைக் குறிக்கும் 'ஹி', 'ஹிஸ்', 'ஹிம்' ஆகியவை வாக்கியத்தின் நடுவே வந்தாலும் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்கிறான் என் அண்ணன் மகன். திருப்பணி செய்த எங்கள் ஐயாவுக்கும் அப்படியே போட்டிருக்கிறான். இது சரியா?
(வாசகர், தேவகோட்டை)

பதில்: சுவாமிக்குப் போடலாம், ஐயாவுக்குப் போடக் கூடாது.

இது இலக்கண விதி அன்று, பக்தியினால் ஏற்பட்ட அச்சு வழக்கம். அதுவும் பலர் நினைக்கும் அளவுக்குப் பழமையானது அன்று. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியம் கடவுளைச் சுட்டும் இவ்விடங்களில் சிறிய எழுத்தையே ஆள்கிறது. பெரிய எழுத்து பரவலாக வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டில்தான். அதே விவிலியத்தைப் புதுக்கி 1982இல் வெளியிட்டவர்கள் பெரிய எழுத்தைப் புகுத்தினார்கள். 1978இல் முழுமையாக வந்த நியூ இன்டர்நேஷனல் பதிப்போ சிறிய எழுத்தோடு நின்றுகொண்டது. அதற்காக அவர்களுக்குப் பக்தி குறைவு என்று சொல்லிவிட முடியுமா? பதிப்பகங்கள் பெரிதும் பின்பற்றும் சிகாகோ நடைக் கையேடும் சிறிய எழுத்தையே பரிந்துரைக்கிறது.

மனிதர்களில் அரசருக்குக்கூட இந்தச் சலுகை இல்லை. 'ஹிஸ் மெஜஸ்டி' என்பதில் உள்ள பெரிய எழுத்து பட்டத்துக்கு உரியது. அதே அரசர் அடுத்த வாக்கியத்தின் நடுவில் வெறும் சிறிய 'ஹி' ஆகிவிடுகிறார். நம் எழுத்தில் பெரிது சிறிது கிடையாது. மரியாதையை 'அவர்' என்ற சொல்லும் வினைமுற்றும் சுமக்கின்றன, இறைவனை மட்டும் உரிமையோடு 'அவன்' என்றே பாடிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஐயாவுக்கும் வீட்டுச் சிறுவனுக்கும் ஒரே 'ஹி' என்பது உங்கள் அண்ணன் மகனுக்குப் பொறுக்கவில்லை போலும். ஐயாவுக்குரிய மரியாதையை, அவர் செய்த திருப்பணிகளை ஆண்டோடு விவரமாக எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

மலர் அடியார்கள் கைக்குப் போவதால், சுவாமிக்குப் பெரிய எழுத்தே இருக்கட்டும் என்பது என் கருத்து. அப்படியானால் அம்பாளைக் குறிக்கும் 'ஷி', 'ஹெர்' ஆகியவற்றுக்கும் அது வேண்டும்; பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஐயா சுவாமிக்கு மண்டபம் கட்டியதைச் சொல்லும் வாக்கியத்தில் 'ஹிஸ்' யாரைக் குறிக்கிறது என்ற குழப்பமும் இதனால் தீரும். வாக்கியத்தின் தொடக்கத்தில் மட்டும் இருவருக்குமே பெரிய எழுத்துதான் வரும் என்பதால், அங்கே பெயரையே எழுதிவிடுங்கள்.